அடிபடாத ஐம்பத்தெட்டு

எங்கள் ஊர் டோவர் மில்லில் ஒரு ஜனவரி எப்படிக் குளிர்ந்தது தெரியுமா? வெளியே விழுந்தால் முட்டை விறைத்துவிடும் என்று கிப் விலிஸ்காவின் கோழிகள் எல்லாவற்றையும் வயிற்றிலேயே அடக்கி வைத்திருந்தன. மார்ச்சில் வெயில் வந்த முதல் காலை, எழுபத்திரண்டு முட்டையையும் ஒரே மூச்சில் இட்டுத் தள்ளின. கிப்பின் மதுக்கடையில் இதை நான் சொல்லும்போதெல்லாம் எல்லோரும் சிரிப்பார்கள், ஒருவரைத் தவிர. மூலையில் பீரோடு உட்கார்ந்திருக்கும் ஆரின் டெஷ், அந்த ஜனவரியின் மிகக் குறைந்த குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி என்பார். கிப்பிடம் அப்போது இருந்தவை ஒன்பது, அதில் ஒன்று சேவல் என்பார். கோபமாகச் சொல்வதில்லை. மேசைமேல் கிடக்கும் ரொட்டித் துணுக்கைத் தட்டிவிடுவதுபோலச் சொல்வார்.

முப்பத்தாறு வருஷம் இந்த ஊர்ப் பள்ளியில் வேதியியல் கற்பித்தேன். அங்கே ஒரு சொட்டுகூட மிகையாகச் சொல்ல முடியாது. விட்ட குறையை ஓய்வுக்குப் பிறகு தீர்த்துக்கொள்கிறேன். நான் சொல்லும் மீன், பிடித்த மீனைவிட எப்போதும் ஓர் அடி நீளம். ஆரினைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் மீனை இழுக்கப்போவதில்லை. இழுத்தால் அளவு நாடாவோடு வந்து நிற்பார்.

ஆரின் எங்கள் மாவட்டத்தின் எடை, அளவு ஆய்வாளராக இருந்தார். பெட்ரோல் பங்கில் ஒரு காலன் ஒரு காலன்தானா, இறைச்சிக் கடைத் தராசு நேராக நிற்கிறதா என்று பார்ப்பது வேலை. தவறு இருந்தால் ஒரு சிவப்புச் சீட்டைக் கம்பியில் கோத்து அந்தக் கருவியில் கட்டிவிடுவார். அதன்பின் அதை யாரும் தொடக்கூடாது. தன் அம்மாவின் சமையலறைத் தராசுக்கே சீட்டுக் கட்டியவர் அவர். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு அம்மா மாவை உள்ளங்கையால் அளந்தாள், கேக் சரிந்துவிட்டது, அவர் ஒரு துண்டுகூட விடாமல் சாப்பிட்டார். அவருடைய மனைவி மூன்றாம் வருஷமே பிரிந்து போய்விட்டாள். எத்தனை நாள் சேர்ந்திருந்தீர்கள் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார்.

அவருக்கு ஒரு தம்பி, வெண்டல். அண்ணன் ஒல்லி, தம்பி களஞ்சியக் கதவு மாதிரி. எங்கள் ஊரிலிருந்து நாற்பது மைல் தள்ளி லேக்போர்ட் நகரில் அப்போது ஒரு தொழில்முறை அணி இருந்தது, ஐஸ்மென் என்று பெயர். வெண்டல் அதில் எண்பத்தைந்திலிருந்து ஐந்து பருவம் ஆடினான். சட்டை எண் ஐம்பத்தெட்டு. கால்பந்து என்றுதான் நாங்கள் இந்த ஆட்டத்தைச் சொல்கிறோம். காலுக்கு இதில் அதிக வேலை இல்லை. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான், மற்றவர்கள் அவன்மேல் போய் மோதுவார்கள். வெண்டல் மோதுகிறவன். தடுப்பு வரிசையின் நடுவில் நின்று தலையை முன்னால் நீட்டிக்கொண்டு போய் மோதுவான்.

ஆரின் அதற்கும் இரண்டு வருஷம் முன்பிருந்தே ஞாயிற்றுக்கிழமைகளில் அதே அணிக்குப் புள்ளிவிவரம் எழுதிக்கொண்டிருந்தார். மைதானத்தின் உச்சியில் ஒரு கண்ணாடி அறை. அங்கே தொலைநோக்கியும் பென்சிலுமாக உட்கார்ந்து யார் எத்தனை கெஜம் ஓடினான், யார் யாரை வீழ்த்தினான், யார் அடிபட்டு வெளியே போனான் என்று குறிப்பார். திங்கள் காலை அதையெல்லாம் சுத்தமாகத் தட்டச்சு செய்து அலுவலகத்தில் கொடுப்பார். வருஷக் கடைசியில் அதுவே அணியின் ஆண்டு மலராக அச்சாகும்.

தொண்ணூறாம் வருஷம் அந்த வீடியோ கேம் வந்தது. அயர்ன் சண்டே. சாம்பல் நிறக் கேசட். தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே செருகினால் கட்டைவிரல் நகம் அளவு மனிதர்கள் பச்சைத் திரையில் ஓடுவார்கள். அதற்கு முன் வந்த கேம்களில் எல்லா ஆட்டக்காரனும் ஒன்றுபோலவே இருப்பான். இதில் ஒவ்வொருவனுக்கும் நிஜப் பெயர், நிஜ எண், அவனவன் வேகம், அவனவன் பலம். அதோடு ஒரு தாங்கும் எண், ஒன்றிலிருந்து நூறுவரை. அது குறைவாக இருப்பவன் மோதலில் விழுந்து கிடப்பான். இரண்டு குட்டி மனிதர்கள் தூக்குப் படுக்கையோடு ஓடிவந்து அவனைக் கொண்டுபோவார்கள். கேமைச் செய்தவர்கள் எங்கோ கடல் தாண்டி இருந்தார்கள். ஒவ்வொரு அணியின் ஆண்டு மலரையும் வரவழைத்து, அதில் காயம் என்று போட்டிருந்த கட்டத்தைப் பார்த்து அந்த எண்ணைக் கொடுத்தார்கள். வெண்டலின் கட்டத்தில் ஐந்து வருஷமும் பூஜ்யம். ஆகவே நூறு. கேம் முழுவதிலும் நூறு வாங்கியவன் அவன் ஒருவன்தான். எவனை வேண்டுமானாலும் அவன்மேல் ஏவலாம். ஐம்பத்தெட்டு எழுந்து நிற்பான்.

அந்தக் கேசட் கடைக்கு வந்த அதே மாதம் லேக்போர்ட் அணி வெண்டலை வீட்டுக்கு அனுப்பியது. காயம் ஒன்றும் இல்லை. பயிற்சியில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொன்னது அவன் மண்டையில் நிற்கவில்லை, அவ்வளவுதான். இருபத்தெட்டு வயது.

அவன் ஊருக்கு வந்து டயர் கடை வைத்தான். கேம் புகழ் பெறப் பெற, எங்கெங்கிருந்தோ ஆட்கள் கேசட்டைக் கொண்டுவந்து அவனிடம் கையெழுத்து வாங்கிப் போனார்கள். கடைசிக் காலத்தில் பெயர் எழுத வரவில்லை. ஐம்பத்தெட்டு என்று மட்டும் போட்டுக் கொடுப்பான். அதற்கு நடுவில் நடந்ததை ஊர் அறியும், ஊர் பேசாது. தட்டுகள் பறந்தன. கதவுகள் இரண்டு தடவை மாற்றப்பட்டன. மனைவி ஆர்லிஸ் கோடைகாலத்திலும் முழுக்கைச் சட்டை போட்டாள். இரண்டாயிரத்து ஒன்றில் மகள் காரினுக்குப் பதினைந்து வயது. கார்ச் சாவி எங்கே என்ற சின்னக் கேள்வியில் அவள் மணிக்கட்டை முறித்தான். சாவி அவன் பையிலேயே இருந்தது. காரின் பள்ளி முடித்த மறுவாரம் வடக்கே டுலூத்துக்குப் போனாள். பிறகு இந்த ஊர் எல்லைக்குள் கால் வைக்கவில்லை. குடிகாரன், முரடன், பிறவியிலேயே அப்படி என்று ஊர் முடிவு கட்டியது. நானும் கட்டினேன்.

ஆரின் என்ன முடிவு கட்டினார் என்று யாருக்கும் தெரியாது. அவர் அந்தக் கேமைப் பிடித்துக்கொண்டார்.

ஒவ்வொரு பிப்ரவரியும், பெரிய ஆட்டங்கள் எல்லாம் முடிந்த அடுத்த சனிக்கிழமை, கிப்பின் கடைக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் அயர்ன் சண்டே போட்டி நடக்கும். ஆறு மாநிலங்களிலிருந்து எழுபது பேர் வருவார்கள். தொப்பை வைத்தவர்கள், முட்டிவலிக்காரர்கள், பழைய பெட்டித் தொலைக்காட்சியை மனைவியைவிடப் பத்திரமாகப் போர்த்திக் கொண்டுவருகிறவர்கள். வாசலில் கையில் முத்திரை குத்துவது என் வேலை. காலை பத்து மணிக்கு, முதல் ஆட்டத்துக்கு முன், திருத்த வாசிப்பு. கேமில் உள்ள தவறுகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சரிசெய்வதே அந்தக் கூட்டத்தின் வேதம். இடதுகாலால் உதைக்கிறவன் கேமில் வலதுகாலால் உதைக்கிறான். ஒருவன் காலுறையில் இரண்டு கோடு, நிஜத்தில் மூன்று. ஒருவனுக்கு மீசையே கிடையாது, கேமில் இருக்கிறது. ஆரின் ஒரு பால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று வாசிப்பார். விதி அவர் போட்டது: எந்தத் திருத்தத்துக்கும் இரண்டு சாட்சி வேண்டும், ஒன்று படச்சுருள், ஒன்று அந்தக் காலத்துக் காகிதம். ஒப்பாதவர்கள், மைதானத்தில் நடுவர் செய்வதுபோல, ஒரு மஞ்சள் துணியை எறிவார்கள். அப்போது வாக்குவாதம் நடக்கும். எறிந்தவன் தோற்றால் அவனே குனிந்து துணியை எடுக்க வேண்டும். மீசை விஷயத்தில் இரண்டு மணி நேரம் சண்டை நடந்து மீன் வறுவல் ஆறிப்போனது. துணி விழாத திருத்தங்களை அங்கேயே உட்கார்ந்து ஒருவர் புதுக் கேசட்டில் ஏற்றிவிடுவார், அன்றைய முதல் ஆட்டம் அதில்தான்.

இருபது வருஷத்தில் ஆரின் ஆயிரத்து நூற்றுப் பதினான்கு திருத்தங்கள் வாசித்தார். லேக்போர்ட் அணி ஊரைவிட்டுப் போனபோது அலுவலகம் குப்பையில் போட்ட படச்சுருள்களை எல்லாம் தன் வண்டியில் அள்ளி வந்து நிலவறையில் அடுக்கியிருந்தார். உலகத்தில் வேறெங்கும் அவை கிடையாது. அத்தனை இருந்தும் ஐம்பத்தெட்டின் நூறை மட்டும் யாரும் தொட்டதில்லை. அது அவர்களுக்குக் கோயில் மணி மாதிரி. ஐம்பத்தெட்டு மோதி எழும்போதெல்லாம் கூடமே மேசையைத் தட்டும்.

போன நவம்பர் கடைசியில் வெண்டல் இறந்தான். அறுபத்தொரு வயது. கடைசி ஒரு வருஷம் ஆர்லிஸை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. கேமை ஓடவிட்டால் மட்டும் அமைதியாக இருப்பான், திரையில் ஐம்பத்தெட்டு விழும்போது விரலை நீட்டுவான், எழுந்ததும் மடக்கிக்கொள்வான். எங்கள் ஊரில் நவம்பருக்குப் பிறகு மண் இரும்பாகிவிடும், குழி வெட்ட முடியாது. இறந்தவர்கள் கல்லறைத் தோட்டத்தின் கல் அறையில் காத்திருப்பார்கள். ஏப்ரலில் மண் இளகியதும்தான் அடக்கம்.

மருத்துவர்கள் அவன் மூளையை எடுத்துப் பார்த்தார்கள். ஜனவரியில் ஆர்லிஸுக்கு அறிக்கை வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் ஆரின் வீட்டுக்குப் போனாள். இந்தப் பேச்சை இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன், இரண்டும் ஒத்துப்போயின. என் அனுபவத்தில் அது அபூர்வம்.

அறிக்கையின்படி அந்த மூளை பலமுறை உலுக்கப்பட்டுச் சிதைந்துபோனது. அவனுக்கு முப்பத்தைந்து ஆவதற்கு முன்பே அவன் அவனாக இருந்திருக்க முடியாது. ஆர்லிஸ் டுலூத்துக்குத் தொலைபேசியில் இதைப் படித்துக் காட்டி, ஏப்ரலில் அடக்கத்துக்கு வா என்று மகளைக் கேட்டிருக்கிறாள்.

"என்ன சொன்னா?" என்றார் ஆரின்.

"குடிச்சாலும் மூள அப்பிடித்தான் ஆகும்னா. தேடிப் பாத்தாளாம். அஞ்சு வருசமும் பூஜ்யம் பூஜ்யம்னு அச்சுல இருக்காம். 'அம்மா, அந்தப் பொம்ம கேம்லகூட அவருக்கு அடிபடாது. அடிச்சவரு அவரு, பட்டது நாம. அவர அடிச்சவன் யாருன்னு ஒரு ஆளக் காட்டு, வரேன்'னு போன வச்சிட்டா."

ஆரின் அறிக்கையை மடித்து மேசைமேல் வைத்தார்.

"படமெல்லாம் ஒங்கிட்டதான இருக்கு, ஆரின். காலுறையில எத்தன கோடுன்னு எண்ணுறவன் நீ. எந்தம்பி தல எத்தன தடவ போச்சுன்னு எண்ண மாட்டியா?"

"ஒந்தம்பி இல்ல, எந்தம்பி" என்று திருத்தினாராம். அப்போதும் திருத்தம். ஆர்லிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு அழுகை. ஆரின் வெண்டலை எப்போதும் எந்தம்பி என்றே சொல்வார், கேட்டுக் கேட்டு அவள் வாயும் தவறிவிட்டது.

மறுநாள் காலை ஏழரைக்கு ஆரின் நிலவறைக்கு இறங்கினார். எண்பது ஆட்டங்கள். ஒவ்வொரு காலையும் மதியச் சாப்பாடு வரை. நான் ஒரு நாள் சூப் கொண்டுபோனேன். சுவரில் விரித்த வெள்ளைத் துணியில் தம்பி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தான். விழுந்து எழுபவை கணக்கில் வராது என்றார் என்னிடம். தானாக எழ முடியாமல், இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, மயக்கம் தெளிய மூக்கில் அம்மோனியாக் குப்பியைக் காட்டி நிறுத்திய தடவைகள் மட்டும். ஒரு காட்சியில் வெண்டல் எழுந்து, எதிரணியின் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தான். அவர்கள் சிரித்துக்கொண்டே அவனைத் திருப்பி அனுப்பினார்கள். சில நிமிடம் கழித்து, அதே ஆட்டத்தில், மறுபடி மோதினான். ஆரின் ஒரு கோடு போட்டுக்கொண்டார். சூப் அப்படியே இருந்தது.

மூன்று வாரத்தில் முடிந்தது. இருபத்து மூன்று.

அவருக்கு அது முன்பே தெரிந்த எண் என்று எனக்கு அப்போது தெரியாது.

விதி நினைவிருக்கிறதா? இரண்டு சாட்சி. படச்சுருள் இருபத்து மூன்று என்கிறது. காகிதம் பூஜ்யம் என்கிறது. அவர் போட்ட விதிப்படி, இந்தத் திருத்தம் வாசலையே தாண்டாது. படத்தை மட்டும் ஆர்லிஸிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாமே என்று பிறகு கேட்டேன். ஐந்து வருஷம் அச்சில் இருப்பது பூஜ்யம், காரின் அச்சைத்தானே நம்பினாள், பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என்ன சொல்வது என்றார்.

பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்றால், எண்பத்தைந்து அக்டோபரில், லேக்போர்ட் மைதானத்தின் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வந்தது. அன்று வெண்டல் முதல் தடவை தூக்கி நிறுத்தப்பட்டான். ஆட்டம் முடிந்து அண்ணனின் வண்டிக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றான், ஒரு கண் பாப்பா மற்றதைவிடப் பெரிதாக இருந்தது.

"ஆரின், அத எழுதாத."

"எத?"

"கொஞ்சம் தல சுத்துச்சு, அவ்ளோதான். பெஞ்சுல ஒரு அயோவாக்காரன் ஒக்காந்து எந்நேரமும் என் எடத்தையே பாத்துட்டிருக்கான். தாள்ல ஒரே ஒரு ஒண்ணு விழுந்தா போதும் அவனுக்கு."

"பாத்தத எழுதுறதுதான் என் வேல."

"நீ பாத்தது ஒன் தம்பியடா."

திங்கள் காலை ஆரின் தட்டச்சில் பூஜ்யம் போட்டார். முதல் பூஜ்யத்துக்கு அரை மணி நேரம் ஆனது என்றார். மற்றவற்றுக்கு நேரமே ஆகவில்லை. அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை. பூஜ்யம் எல்லோருக்கும் வசதி. ஆனால் கண்ணாடி அறையில் உட்கார்ந்து பென்சிலால் எழுதிய தாள்களில் அவர் கை பொய் எழுத மறுத்துவிட்டது. தேதி, எத்தனையாவது நிமிடம், யார் மோதினான், எத்தனை வினாடி அசையாமல் கிடந்தான், எல்லாம் இருந்தன. எண்களைக் குப்பையில் போடத் தெரியாத மனிதர். முப்பத்தேழு வருஷம் அந்தத் தாள்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில், அவர் கட்டிலுக்கு அடியில் கிடந்தன.

பிப்ரவரிச் சனிக்கிழமை வந்தது. கூடத்தில் எழுபத்திரண்டு பேர், என் முத்திரைக் கணக்குப்படி. கிப் மீனை மாவில் தோய்த்துக்கொண்டிருந்தார். ஆர்லிஸ் கறுப்புக் கம்பளிச் சட்டையில் முதல் மேசையில் உட்கார்ந்திருந்தாள். வெண்டல் நினைவாக அந்த வருஷ முதல் ஆட்டம் அவளுக்கு என்று முன்பே முடிவாகியிருந்தது. ஆரின் பால் கூடையில் ஏறினார். பதின்மூன்று திருத்தங்களை எப்போதும்போல வாசித்தார். ஒரு ஷூவின் நிறம், ஒரு பிறந்த ஊர். சிரிப்பும் கிண்டலுமாகப் போனது. மீசைக்காரர் கட்சி இன்னும் உயிரோடிருப்பதாக யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள்.

பதினான்காவதுக்கு அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"லேக்போர்ட். ஐம்பத்தெட்டு. தாங்கும் எண் நூறு என்பது, கேமின் கணக்குப்படியே, நான்கு ஆக வேண்டும்."

கூடம் அதை விளங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு மஞ்சள் துணி விழுந்தது. எறிந்தவர் ரோலண்ட் பிட்னர், இலினாயிலிருந்து பத்தொன்பது வருஷமாக வருகிறவர், முழங்கையில் ஐம்பத்தெட்டு என்று பச்சை குத்தியவர். இங்கே மட்டும் கொஞ்சம் மீனை இழுத்துக்கொள்ள அனுமதி உண்டென்றால், அந்தத் துணி தரையில் விழுந்த சத்தம் எனக்கு வாசல்வரை கேட்டது.

"படம் இருக்கா?" என்றார் ரோலண்ட்.

"இருக்கு. இருபத்து மூணு தடவ."

"காகிதம்? மலர்ல பூஜ்யம்னு போட்டிருக்கு. நாம எல்லாரும் படிச்சிருக்கோம். நீ போட்ட விதி, ஆரின். காகிதம் எங்க?"

ஆரின் பிஸ்கட் டப்பாவைத் திறந்து தாள்களை எடுத்து நீட்டினார். ரோலண்ட் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மேலேயிருந்து மூன்றாவது தாளில் நின்றுவிட்டார்.

"இது யாரு கையெழுத்து?"

"என்னோடது."

"அப்போ மலர்ல அந்தப் பூஜ்யம்?"

"அதுவும் என்னோடதுதான்."

காரணம் சொல்லவில்லை, தம்பி கேட்டான் என்று சொல்லவில்லை. அதை எனக்கும் ஆர்லிஸுக்கும் பிறகு தனியாகத்தான் சொன்னார், அதுவும் கேட்ட பிறகு. எழுபத்திரண்டு பேரும் அவரைப் பார்க்காமல் இருக்க இடம் தேடினார்கள். எண்ணெயில் மீன் கருகுகிற வாடை வந்தது, கிப் அசையவில்லை. ஆர்லிஸ் மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தேழு வருஷமாக அவள் வீட்டு ஈஸ்டர் சாப்பாட்டுக்கு வந்து போன மனிதர்.

ரோலண்ட் பெரிய உடம்புக்காரர், முட்டி மடங்காது. மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து தன் துணியைத் தானே எடுத்தார். யாரும் உதவக் கூடாது, அதுவும் விதி.

திருத்தம் ஏறியது. புதுக் கேசட்டைச் செருகினார்கள். ஆர்லிஸ் லேக்போர்ட்டைத் தேர்ந்தெடுத்தாள். அவள் எதிரில் ஆட உட்கார்ந்தவர் வேண்டுமென்றே ஐம்பத்தெட்டை விட்டு விலகி விலகி ஓடினார், நல்ல மனிதர். ஆர்லிஸ் விடவில்லை. தானே ஐம்பத்தெட்டைத் துரத்திக் கொண்டுபோய் மோதவிட்டாள். நான்காவது மோதலில் அவன் விழுந்தான். மேசையைத் தட்ட வேண்டிய நேரம். பழக்கத்தில் ஒரு கை மட்டும் தட்டி நின்றது. இரண்டு குட்டி மனிதர்கள் தூக்குப் படுக்கையோடு ஓடிவந்தார்கள். முப்பத்திரண்டு வருஷமாக அந்தக் கேசட்டுக்குள் இருந்தும் அவனிடம் வராத இரண்டு பேர். தூக்கிக்கொண்டு திரையின் ஓரத்துக்குப் போனார்கள். அவன் இடத்தில் ஐம்பத்துநான்காம் எண் வந்து நின்றான். அயோவாக்காரன்.

"இப்பதான் வராங்க" என்றாள் ஆர்லிஸ். கையிலிருந்த பொத்தான் கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆரின் பக்கம் திரும்பவில்லை.

எல்லோரும் போன பிறகு பால் கூடையை எடுத்து வைக்கப் போன கிப், அதன் கைப்பிடியில் கம்பியில் கோத்த சிவப்புச் சீட்டைப் பார்த்தார். தேதி, காரணம், கையெழுத்து, எல்லாம் முறைப்படி. காரணம் என்ற இடத்தில் "தவறாகக் காட்டுகிறது" என்று இருந்தது. கூடை இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதில் யாரும் ஏறுவதில்லை.

பிஸ்கட் டப்பாவின் தாள்களை நகலெடுத்து ஆர்லிஸ் டுலூத்துக்கு அனுப்பினாள். பதில் வரவில்லை. மார்ச் போனது. ஆரின் மதுக்கடைக்கு வருவதை நிறுத்தினார். நான் கோழிக் கதையை இரண்டு தடவை சொன்னேன், மறுத்துப் பேச ஆள் இல்லாமல் அது சப்பென்று போனது. நூற்றைம்பது முட்டைவரை ஏற்றிப் பார்த்தேன். பயனில்லை.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி மண் இளகிவிட்டதாகக் கல்லறைத் தோட்டக்காரர் சொல்லி அனுப்பினார். அடக்கத்துக்குப் பன்னிரண்டு பேர் வந்தோம். சேறு காலணியைப் பிடித்து இழுத்தது. ஆரின் எல்லோருக்கும் பின்னால், வேலிப் பக்கமாக நின்றார். ஆர்லிஸ் அவரை முன்னால் வரச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. பாதிரியார் புத்தகத்தைத் திறந்தபோது வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

காரினை இருபது வருஷத்துக்குப் பிறகு பார்த்தேன். அப்பாவின் தோள்கள். கையில் ஒரு மஞ்சள் உறை. அம்மாவுக்கு அருகே வந்து நின்றாள், தொடவில்லை. பெட்டி இறங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதாளா என்று கேட்காதீர்கள். அழுதாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

முடிந்ததும் அவள் நேராக வேலிப் பக்கம் நடந்தாள். ஆரின் தொப்பியைக் கழற்றினார். குழந்தையில் அவள் இவர் தோளில் உட்கார்ந்து ஊர்வலம் பார்த்தவள். பெரியப்பா என்று கூப்பிடவில்லை.

"இருபத்து மூணும் படிச்சேன்" என்றாள். "எண்பத்தேழு அக்டோபர், நாப்பத்தொரு வினாடி. நீங்க மேல ஒக்காந்து நாப்பத்தொண்ணு வரைக்கும் எண்ணியிருக்கீங்க."

"ஆமா."

"எண்ணிட்டு, கீழ எறங்கி வரல."

"வரல."

காரின் அந்த உறையைப் பிரித்தாள். உள்ளே தாள்கள் மட்டுமல்ல, ஒரு பழைய எக்ஸ்ரே படமும் இருந்தது. அதை ஏப்ரல் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன மணிக்கட்டு, குறுக்கே ஒரு வெள்ளைக் கீறல்.

"ரெண்டு சாட்சி வேணுமாமே ஒங்களுக்கு. அம்மா சொன்னாங்க. இது படம். ஆஸ்பத்திரி ரசீது உள்ள இருக்கு, அது காகிதம். இருபத்து நாலுன்னு எழுதுங்க."

ஆரின் கோட்டின் உள்பையிலிருந்து, திருத்தங்களைக் குறித்து வைக்கும் பச்சை நோட்டை எடுத்தார். எண்ணை எழுதினார், தேதியை அவள் சொல்ல எழுதினார், இரண்டாயிரத்து ஒன்று, மே ஒன்பது. அதற்குப் பிறகு பென்சில் நின்றது. அவர் வாய் திறந்து மூடியதைப் பார்த்தேன். கேட்கக் கூடாத கேள்வி என்று அவருக்கே தெரிந்திருக்கும். கேட்காமல் எழுதவும் அவரால் முடியாது.

"எடதா, வலதா?" என்றார்.

காரின் கையுறையைக் கழற்றி, இடது கையை நீட்டினாள். இன்னும் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. ஆரின் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குனிந்து பார்த்து, எழுதினார்.